குதிரைக்கும் எனக்கும் நடுவில் ஒரு மெத்தை

தர்சினி மெத்தையின் மூலையை விரலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு கையை அதன் அடியில் விட்டு முழங்கை வரை கொண்டுபோனாள்.

"இது எப்ப வந்தது?" என்று கேட்டாள்.

குதிரையின் கயிற்றைப் பிடித்திருந்த நசீர், வாவியில் ஏதோ அதிசயம் நடப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். என் மச்சாள் என்னைப் பிடித்த கையை விடாமலே காலை உதறிச் செருப்பு மண்ணைத் தட்டினாள். நசீரின் மனைவி ரஹீமா மட்டும் மலர்ந்த முகத்தோடு நின்றாள். மெத்தையைத் தைத்தவள் அவள்தான்.

நல்ல இலவம் பஞ்சு மெத்தை. மேலே சிவப்பு வெல்வெட், ஓரமெல்லாம் பொன் நிற ரேந்தைப் பின்னல். அது குதிரையின் முதுகில் கிடந்தது, அதன் மேல் நான் கிடந்தேன். 'இருந்தேன்' என்று எழுதத்தான் ஆசை. ஆனால் இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்திருக்கிற ஒருத்தியை இருக்கிறாள் என்று சொல்ல முடியாது.

தர்சினி ஆஸ்பத்திரியில் எனக்கு உடற்பயிற்சி தருகிற இயன்மருத்துவர். என் வயதில் பாதிகூட இல்லாத பிள்ளை. ஏதோ பயிற்சிக்கென்று கொழும்புக்குப் போய், ஐந்து கிழமை கழித்து அன்றுதான் வந்திருந்தாள்.

"ரீச்சர், குதிரை அசையாமல் நிக்குது. ரெண்டு பேரும் கையை எடுக்கட்டும். நீங்க கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து இருங்க பாப்பம்."

கையைக் கட்டினேன். மனதுக்குள் எண்ணினேன். ஏழு என்கிறபோது உடம்பு இடப்பக்கம் சரிந்து மச்சாளின் கைக்குள் விழுந்தது. தர்சினி கொழும்புக்குப் போகும்போது நான் எட்டு வரை எண்ணியிருந்தேன். ஐந்து கிழமை பாடுபட்டு ஒன்று குறைந்திருந்தது. முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவளுக்கு இந்தக் கணக்கு விளங்காமல் போகுமா?

நான் கேட்டது ஒன்றே ஒன்று

இந்தத் தொடரைப் புதிதாகக் கையில் எடுப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். போன வருடம் ஒரு காலை, தேங்காய் துருவிக்கொண்டு இருக்கும்போது எனக்குப் பாரிசவாதம் வந்தது. இடப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சு சீக்கிரம் திரும்பி வந்தது. கோபம் அதற்கும் முன்பே வந்துவிட்டது என்று மச்சாள் சொல்லுவாள். கை பாதி வந்தது. முதுகும் இடுப்பும் மட்டும் வரவில்லை. சாய்மானம் இல்லாத இடத்தில் என்னை இருத்தினால், நெல்லுச் சாக்கு சரிவதுபோல இடப்பக்கம் சரிந்துவிடுவேன்.

அதனால் என்னைக் குளிப்பாட்டுவது மச்சாள். என் தம்பியின் மனைவி, பெயர் தங்கேஸ்வரி. தம்பி போனபிறகு கல்லடியில் ஒரே வீட்டில் நாங்கள் இரண்டு பேரும்தான். அவள் என்னை மச்சாள் என்பாள், நானும் அவளை மச்சாள் என்பேன். பிளாஸ்டிக் கதிரையில் என்னை இருத்தி, ஒரு கையால் தோளைப் பிடித்து, மறு கையால் தண்ணீர் வார்ப்பாள். கதிரைக்கு முதுகு உண்டு. ஆனாலும் வாளியில் தண்ணீர் கோலக் குனிந்தால் நான் அப்படியே தரைக்குப் போய்விடுவேன்.

மச்சாள் முகம் சுளித்ததில்லை. ஒரு நாள்கூட. ஆனால் அறுபது வருடம் கதவைச் சாத்திக் குளித்த ஒருத்திக்கு அது எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாய்ப்பாடு சொல்லுவேன். பதின்மூன்றாம் வாய்ப்பாடு முடிவதற்குள் குளிப்பு முடிந்துவிடும்.

"உங்களுக்கு என்ன வேணும் ரீச்சர்?" என்று தர்சினி முதல் நாளே கேட்டிருந்தாள். நடக்க வேண்டும் என்பேன் என்று எதிர்பார்த்திருப்பாள்.

"தனியக் குளிக்கவேணும்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் பந்திலும் மாதக்கணக்கில் வைத்துப் பயிற்சி தந்தாள். சாயாமல் எண்ணுவதில் இரண்டிலிருந்து ஐந்துக்கு வந்தேன், அங்கேயே நின்றுவிட்டேன். அப்போதுதான் ஒரு நாள், "ரீச்சர், குதிரைக்குப் பயமா?" என்று கேட்டாள்.

கணக்கில் மட்டும் கண்ட குதிரை

நான் பள்ளிக்கூடத்தில் எத்தனையோ குதிரைகளை ஓட்டியவள். மணிக்கு இத்தனை மைல் வேகத்தில் ஓடுகிற குதிரை, இத்தனை அடிக் கயிற்றில் கட்டப்பட்டு வட்டமாகப் புல் மேய்கிற குதிரை. அது மேய்ந்த பரப்பளவைக் கண்டுபிடிக்கச் சொல்லிப் பிள்ளைகளை அழவைத்திருக்கிறேன். உயிருள்ள குதிரையைப் பாசிக்குடாக் கடற்கரையில் தூரத்தில் பார்த்ததோடு சரி.

காத்தான்குடியில் வாவிப் பக்கம் ஒருவரிடம் குதிரை நிற்கிறது என்றாள் தர்சினி. நசீர் பதினான்கு வருடம் வளைகுடா நாட்டில் ஒரு குதிரை லாயத்தில் வேலை செய்தவர். அங்கே நடக்க முடியாத பிள்ளைகளைக் கிழமையில் இரண்டு நாள் கூட்டி வந்து குதிரையில் ஏற்றுவார்களாம். கயிற்றைப் பிடித்து நடத்துவது இவர் வேலை. ஊருக்குத் திரும்பியவர் மலைநாட்டிலிருந்து ஒரு வயதான பெண் குதிரையை வாங்கிக்கொண்டு வந்தார். வான் வாங்காமல் குதிரை வாங்கிய மனிதர் என்று ஊரே சிரித்ததாம். மெனிக்கே என்கிற சிங்களப் பெயரும் குதிரையோடேயே வந்தது.

"குதிரை நடக்கக்குள்ள அதுட முதுகு அசையிறது மனுசர்ர நடை மாதிரியே இருக்கும் ரீச்சர்" என்று விளக்கினாள் தர்சினி. "மேல இருக்கிற ஆள்ர இடுப்பு, தான் நடக்கிற மாதிரி இடமும் வலமும் முன்னும் பின்னும் அசையும். விழாமல் இருக்க உடம்பு தானாப் பிடிக்கும். கட்டில்ல இருந்து நான் எவ்வளவு தள்ளினாலும் அந்த அசைவு வராது. அதுட சூட்டுக்கு இறுகிப்போன தசையும் இளகும்."

பெரிய டொக்டரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கி, இரத்த அழுத்தம் பார்த்து, நசீர் லாயத்திலிருந்து கொண்டுவந்த தலைக்கவசத்தை மாட்டித்தான் எல்லாம் நடந்தது. நான் ஏதோ துணிச்சலில் பாய்ந்து ஏறினேன் என்று யாரும் நினைக்கவேண்டாம்.

மச்சாள் குதிரை பார்த்தது

மச்சாள் கிரான் பக்கம். வட்டையும் எருமையுமாக வளர்ந்தவள். வயல்வெளியை வட்டை என்பது எங்கள் ஊர் வழக்கம். முதல் நாள் அவள் குதிரையைச் சுற்றி வந்து குளம்பைப் பார்த்தாள், பல்லைப் பார்த்தாள், வாலையும் தூக்கிப் பார்த்தாள். விலை பேசப் போகிறாள் என்று நசீர் பயந்திருப்பார்.

"தம்பி, எருமை இப்பிடித் தலையைத் தொங்கப் போட்டு நிண்டா முட்டப் போகுது எண்டு அர்த்தம். இது என்ன நினைவில நிக்குது?"

"அது நித்திரை கொள்ளுது அக்கா."

"நிண்டு கொண்டா? நல்ல வேலைக்காரிதான்" என்றாள் மச்சாள்.

சக்கர நாற்காலி ஏறுவதற்கென்று நசீர் ஒரு மேசனைப் பிடித்துச் சரிவான சீமெந்து மேடை கட்டிவைத்திருந்தார். மேடையில் நின்றால் குதிரையின் முதுகு கைக்கெட்டும். நாலு பேர் சேர்ந்து என் காலை அந்தப் பக்கம் போட்டு என்னை இருத்தினார்கள். ஒரு மெல்லிய கம்பளி மட்டும் விரித்திருந்தது. முன்னால் பிடிக்க ஒரு வார்.

மெனிக்கே நடந்தாள். ஐயோ, என்ன சொல்ல. என் இடுப்பு நடந்தது! நான் நடக்கவில்லை, என் கால்கள் சும்மா தொங்கின, ஆனால் இடுப்பு நடந்தது. ஒரு வருடமாக மறந்திருந்த ஒரு அசைவு. தொடைக்குள் அந்தச் சூடு ஏறியது. ஒரு வருடமாக எல்லாரும் என்னைக் குனிந்துதான் பார்த்தார்கள், நான் எல்லாருடைய இடுப்புப் பட்டியையும்தான் பார்த்தேன். அன்று நசீரின் உச்சி வழுக்கையைப் பார்த்தேன். வேலிக்கு மேலால் வாவியைப் பார்த்தேன். இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை வீசியவர், வீசுவதை விட்டுவிட்டு என்னை வாய் பிளந்து பார்த்தார். நான் அழுதேன். அது சந்தோசத்தில் வந்த அழுகைதான், வேறு ஒன்றுமில்லை.

இரண்டு கிழமையில் ஐந்து எட்டானது. பிறகு தர்சினி கொழும்புக்குப் போனாள்.

முதலில் காற்சட்டை

ரஹீமாவைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். வீட்டில் தையல் மெசின் வைத்து உடுப்புத் தைப்பவள். சேலையோடு குதிரையில் ஏற முடியாது என்று தெரிந்ததும், அளவுகூட எடுக்காமல், என்னைக் கண்ணால் பார்த்தே தொளதொளவென்று ஒரு காற்சட்டையும் முழங்கால் வரை சட்டையும் தைத்துத் தந்தாள். அறுபத்திரண்டு வயதில் என் முதல் காற்சட்டை. கச்சிதமாக இருந்தது. ஒவ்வொரு முறையும் குதிரையால் இறங்கியதும் தேத்தண்ணீரும் இனிப்பு வட்டிலப்பமும் தருவாள். காசு என்ற பேச்சை எடுத்தால் நசீரை விட அவளுக்குத்தான் கோபம் வரும்.

இரண்டாம் கிழமை முடிவில் என் தொடை கொஞ்சம் உரசிச் சிவந்துவிட்டது. மச்சாள் எண்ணெய் பூசிக்கொண்டே போனில் ரஹீமாவிடம் அதைச் சொல்லிவிட்டாள். அடுத்த முறை போனால் குதிரையின் முதுகில் சிவப்பு வெல்வெட்.

"ரீச்சருக்கு நோகக்கூடா எண்டு ராவு பகலா இருந்து தைச்சன்" என்றாள் ரஹீமா.

ஏறி இருந்தேன். மெனிக்கே நடந்தாள். கல்லடிப் பாலத்தில் பஸ்ஸில் போவதுபோல அலுங்காமல் இருந்தது. இடுப்பு நடக்கவில்லை. சூடும் வரவில்லை. மெத்தை வழுக்கியதால் மச்சாளும் ரஹீமாவும் இரண்டு பக்கமும் என்னை இறுக்கிப் பிடித்தார்கள். இறுக்கிப் பிடித்ததால் நான் விழவில்லை. விழப்போகாத உடம்பு எதற்குத் தன்னைப் பிடிக்கும்?

முதல் சுற்றிலேயே எனக்கு விளங்கிவிட்டது. வாயைத் திறக்கவில்லை.

பிழையான விடைக்குப் பரவாயில்லை என்று ஒரு நாளும் சொல்லாதவள் நான். வகுப்பில் என் சிவப்புப் பேனைக்குப் பயப்படாத பிள்ளை இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்த ஆளுக்கு வீட்டுக்காரர் விரித்துவிடுகிற விரிப்பை விலத்தி இருப்பது எங்கள் பக்கத்தில் முகத்தில் அடிக்கிற வேலை. காத்தான்குடியிலும் அப்படித்தான், கல்லடியிலும் அப்படித்தான். பாயை விரித்தால் பாயில் இருப்போம், கதிரையைத் தட்டித் தந்தால் கதிரையில் இருப்போம். குதிரையும் அந்த வீட்டுக் கதிரைதானே.

அடுத்த கிழமை சொல்லுவோம் என்று நினைப்பேன். போனால் ரேந்தையில் புதிதாக ஒரு பூ தைத்திருப்பாள். வட்டிலப்பத்தைத் தின்றுவிட்டு வந்துவிடுவேன். வீட்டில் மச்சாள் தண்ணீர் வார்க்க, நான் பதின்மூன்றாம் வாய்ப்பாட்டைச் சொல்லுவேன். எனக்கு என் மேலேயே ஆத்திரம் வரும்.

யாருக்கு எப்போது தெரியும்

இனி முதலில் சொன்ன அந்த நாளுக்கு, அந்த மேடைக்கு வருகிறேன். நான் ஏழில் சரிந்ததும் தர்சினி மெத்தைக்கு அடியிலிருந்து கையை எடுத்தாள். கொழும்பிலிருந்து அலுப்போடு வந்த பிள்ளை, சுற்றி வளைக்கவில்லை.

"ரீச்சர், இந்த அஞ்சு கிழமையும் குதிரை நடந்தது உங்கட உடம்புக்குப் போகவேயில்ல. பஞ்சுதான் நடந்திருக்கு. இவங்க ரெண்டு பேரும் உங்களைத் தூக்கிக் கொண்டு போறாங்க, குதிரை சும்மா கூட வருது. இந்த மெத்தை வேணாம்."

ரஹீமாவின் முகம் சுருங்கிப்போனது. பிறகு கணவன் பக்கம் திரும்பினாள்.

"பதினாலு வருசம் குதிரையோட கிடந்த மனிசன். உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றார் நசீர், வாவியைப் பார்த்தபடி.

"எப்ப இருந்து?"

"நீ கொண்டு வந்து போட்ட அண்டைக்கே."

"மறுகா ஏன் சொல்லல்ல?"

"எனக்கு வீட்டில சோறு வேணும்தானே."

ரஹீமா மச்சாளைப் பார்த்தாள். "அக்கா?"

"வழுக்குது எண்டு தெரியும் புள்ள. அதுதான் இறுக்கிப் பிடிச்சன்."

கடைசியாக என்னைப் பார்த்தாள். குதிரையின் மேல் இருந்து பொய் சொல்லலாம் என்று யோசித்தேன். முடியவில்லை.

"எனக்கும் முதல் நாளே தெரியும் ரஹீமா."

"ரீச்சர், கணக்குப் பிழைச்சா பிள்ளைகளைக் கதிகலங்க வைப்பீங்க எண்டு ஊரெல்லாம் சொல்லுது. என்னட்ட ஒரு வார்த்தை சொல்லப் பயந்தீங்களா? என்ட மனசு நோகும் எண்டு உங்கட முதுகை வீணாக்கினீங்களா? தனியக் குளிக்கவேணும் எண்டு நீங்க கேட்டது எனக்குத் தெரியாதா? அதுக்குத்தானே நானும் வந்து பிடிக்கிறன்!"

அவள் சொன்னதில் ஒரு எழுத்துப் பிழையில்லை. என்னை மேடையில் இறக்கினார்கள். அவளே மெத்தையை உருவி எடுத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். அன்று தேத்தண்ணீர் வரவில்லை. வட்டிலப்பமும் இல்லை. ஓட்டோவில் வரும்போது வீதி நடுவில் நிற்கிற பேரீச்ச மரங்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தேன்.

அடுத்த முறை போக எனக்குத் தயக்கம். போனால் ரஹீமா எங்களுக்கு முன்பே மேடையில் நின்றாள். மெல்லிய கம்பளியைத் தோய்த்துக் காயப்போட்டு, சுருக்கமில்லாமல் விரித்திருந்தாள். நான் ஏறியதும் என் இடுப்பில் இரண்டே இரண்டு விரல்களை வைத்தாள்.

"இதுக்கு மேல பிடிக்க மாட்டன். விழுந்தா தாங்குவன், சரியா? பிஸ்மில்லாஹ். வெளிக்கிடுங்க."

மெத்தை இப்போது அவர்கள் வீட்டு விறாந்தைக் கதிரையில் கிடக்கிறது. நசீர் அதில் இருக்கக் கூடாது என்பது கட்டளை.

நோவு என்கிற நல்ல செய்தி

மறுநாள் காலை எனக்கு வயிறும் முதுகும் அப்படி நொந்தன. இருமினால்கூட நொந்தது. தர்சினிக்குப் போன் எடுத்து முறையிட்டேன்.

"எந்தப் பக்கம் ரீச்சர்? இடப்பக்கமுமா?"

"இடப்பக்கம்தான் கூட."

போனில் அவள் கை தட்டினாள். ஒரு நோவாளியின் நோவைக் கேட்டு இப்படிச் சந்தோசப்படுகிற ஆளை நான் கண்டதில்லை. பிறகுதான் எனக்கும் உறைத்தது. ஒரு வருடமாக அந்தப் பக்கம் நோகக்கூட இல்லை.

கிழமையில் இரண்டு நாள் போனோம். வாவிக்கரை ஓரமாக, ஈர மண்ணில், வெயில் ஏறுவதற்கு முன். நசீர் சொல்லாமல் கொள்ளாமல் குதிரையை நிறுத்துவார், பிறகு நடத்துவார். வளைந்து வளைந்து கொண்டுபோவார். நான் பயத்தில் ஏசுவேன். என் இடுப்பு ஏசாமல் தன் வேலையைப் பார்த்தது. ஏழு பன்னிரண்டானது. பன்னிரண்டு இருபதானது. ஒரு நாள் இரண்டு கையையும் தலைக்கவசத்தின் மேல் வைத்துக்கொண்டு முந்திரிகை மரம் வரை போய் வந்தேன். ரஹீமாவின் இரண்டு விரல் ஒரு விரலாகி, பிறகு அவள் கையை வீசிக்கொண்டு பக்கத்தில் நடந்தாள்.

நித்திரை நன்றாக வந்தது. சாப்பாடு பிடித்தது. மச்சாளோடு சண்டை பிடிப்பது குறைந்துவிட்டது என்று அவள் சொல்கிறாள். நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் அன்று ஒரு சண்டை வந்தது. நடக்கிறேனா என்றால், இல்லை. கோலைப் பிடித்துக் கட்டிலிலிருந்து கதவு வரை வருவேன், அவ்வளவுதான். மெனிக்கே அற்புதம் எதுவும் செய்யவில்லை. அவள் நடந்தாள், நான் விழாமல் இருந்தேன்.

கதவைச் சாத்திய காலை

ஒரு சனிக்கிழமை காலை, மச்சாள் வழக்கம்போல என்னைக் குளியலறைக் கதிரையில் இருத்தினாள். வாளியை நிரப்பினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"மச்சாள், நீங்க வெளிய போங்க" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். வெளியே போனாள். கதவு என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சாத்தினேன்.

"கொக்கி போட வேணாம்!" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

கொக்கியைப் போட்டேன்.

"மச்சாள்! உங்களுக்கு விசர் கிசர் பிடிச்சிட்டா?"

கோப்பையை எடுத்து வாளிக்குக் குனிந்தேன். உடம்பு இடப்பக்கம் போகத் தொடங்கியது. போய், ஓரிடத்தில் தானாக நின்றது. நின்று, திரும்பி வந்தது. நான் ஒன்றுமே செய்யவில்லை. முதல் கோப்பைத் தண்ணீரைத் தலையில் ஊற்றினேன். இரண்டாவது. மூன்றாவது. வாய்ப்பாடு சொல்ல மறந்துபோனேன்.

"இருக்கிறீங்களா?"

"இருக்கன்."

சவர்க்காரத்தை இரண்டு முறை தவறவிட்டு, இரண்டு முறையும் நானே குனிந்து எடுத்தேன். வாளியின் அடி தெரியும் வரை குளித்தேன். கையெல்லாம் விறைத்துப்போனது. கதவுக்குக் கீழே மச்சாளின் கால்விரல்கள் தெரிந்தன. அவ்வளவு நேரமும் அவள் ஓர் அடி நகரவில்லை. ஒரு வருடமாக அவள் என்னைக் குளிப்பாட்டினாள், நான் ஒரு தரம்கூட அவளிடம் ஒன்று கேட்டதில்லை. கேட்பதற்கு முன்பே எல்லாம் நடந்துவிடும், நான் கண்ணை மூடிக்கொண்டு அது முடியட்டும் என்று இருப்பேன்.

"மச்சாள்" என்று கூப்பிட்டேன்.

"என்ன? விழுந்திட்டீங்களா?"

"இல்ல. முதுகுக்குக் கை எட்டுதில்ல. கொஞ்சம் தேச்சு விடுறீங்களா?"

வெளியே மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"கொக்கியைக் கழட்டினாத்தானே வாறதுக்கு" என்றாள்.

கழற்றினேன்.